நாலு விரல் இடம்

"சார், ஊர்ல எல்லாரும் சுவரை இடிச்சு இடத்தைப் பெருசாக்குவாங்க. நீங்க என்னடான்னா சுவரைக் கட்டி இடத்தைச் சின்னதாக்கச் சொல்றீங்களே!"

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். கார் ஷெட் ஒன்றும் சின்னதில்லை, ரெண்டு கார் தாராளமாக நிற்கும். வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஷெட்டின் ஒரு மூலையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் சுவர் எழுப்பச் சொல்கிறார். உள்ளே தச்சுப் பட்டறையாம். வேலை செய்யப்போவது அவருடைய மாமனாராம்.

"மாமாவுக்கு இவ்வளவுதான் மேஸ்திரி வேணும்."

"ஒரு கட்டில் செய்யணும்னா? பலகையைத் திருப்பக்கூட இடமில்லையே!"

"அதெல்லாம் திருப்பிடுவார்."

இந்த மனுஷனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று மேஸ்திரி செங்கல்லை எடுத்தார்.

டீ கொண்டுவந்த வாத்தியார் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். "அம்மா போனதுலேருந்து அப்பா தனியா இருக்கார் அண்ணே. போன மாசம் காய்ச்சல்ல விழுந்து கிடந்திருக்கார், எங்களுக்குத் தெரியவே இல்லை. இங்கே ரெண்டு தடவை கூட்டிட்டு வந்தோம். இந்த ஷெட்டை முழுசா அவருக்கே விட்டோம். ஒரு வாரம்கூடத் தாங்கலை, பட்டறை சரிப்படலைன்னு கிளம்பிட்டார். இந்தத் தடவையும் போயிட்டார்னா அவ்வளவுதான், அப்புறம் கால்ல விழுந்தாலும் வரமாட்டார்."

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். முழு ஷெட்டே சரிப்படாத பெரியவருக்கு இந்தப் பொந்து எப்படிச் சரிப்படும்?

"நீங்க உட்கார்ந்திருக்கிற முக்காலி அப்பா செஞ்சதுதான். போன வருஷம் குடுத்து அனுப்பினார்."

மேஸ்திரி எழுந்து முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு ஆணி இல்லை. கால் எங்கே முடிந்து பலகை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். ஊஹூம்.

"அடேயப்பா! கையா அது? கும்பிடணும்மா அந்தக் கையை!"

தொழில் தெரிந்தவனுக்குத்தானே தொழிலின் அருமை தெரியும்? மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. வாத்தியார் இல்லாத நேரம் பார்த்து, கோட்டிலிருந்து நாலு விரல் வெளியே தள்ளிச் சுவரை எழுப்பிவிட்டார். அந்தக் கைக்குத் தன்னாலான மரியாதை!

சாயங்காலம் வாத்தியார் முடிச்சுப் போட்ட ஒரு நூலோடு வந்தார். சுவருக்குச் சுவர் பிடித்துப் பார்த்தார்.

"நாலு விரல் தள்ளிப்போயிருக்கு மேஸ்திரி."

"பெரியவர் கொஞ்சம் தாராளமா நிக்கட்டுமேன்னுதான் சார்..."

"இடிச்சிருங்க. கோட்டு மேலேயே கட்டுங்க. இது மாமாவோட பழைய பட்டறை அளவு. அவர் இழைச்சுக்கிட்டிருக்கும்போதே, அவருக்குத் தெரியாம அளந்துட்டு வந்தேன்."

மேஸ்திரிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பழசு குறுகலா இருந்தா புதுசும் அப்படியே இருக்கணுமா? தப்பா நினைக்காதீங்க சார், மாமனாரை விரட்டணும்னா வாயால சொல்லிடலாமே! எதுக்கு இவ்வளவு சிமெண்ட்டை வீணாக்கறீங்க?"

வாத்தியார் கோபப்படவில்லை. முகத்தில் பயம்தான் தெரிந்தது. "அவர் வர்ற அன்னைக்கு நீங்களும் வாங்க மேஸ்திரி. ஏதாவது சரியில்லைன்னா உடனே மாத்தணும்," என்றார்.

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே இடித்தார், முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் சாமான்கள் முதலில் வேனில் வந்தன. வாத்தியார் யாரையும் தொடவிடவில்லை. உளி, சுத்தியல், ரம்பம், இழைப்புளி என்று ஒவ்வொன்றையும் நூலைப் பிடித்துப் பிடித்துத் தானே சுவரில் மாட்டினார். வியர்த்துக் கொட்டியது. இந்த ஆளுக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்கிறது என்று மேஸ்திரி முடிவுகட்டினார்.

பொழுது சாயும்போது பெரியவர் வந்து இறங்கினார். மகள் தோளில் கைபோட்டபடி மெதுவாக நடந்து வந்தார். அப்பாவுக்கும் மகளுக்கும் என்ன ஒட்டுதல் என்று மேஸ்திரி வாயைப் பிளந்தார்.

பட்டறை வாசலில் பெரியவர் மகளின் தோளை விட்டார். உள்ளே போனார். இடது கையை நீட்டினார், உளி வந்தது. வலது கையை நீட்டினார், சுத்தியல் வந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். வெளியே வாத்தியாரும் மனைவியும் மூச்சே விடவில்லை.

பிறகு பெரியவர் ஒரு நீளப் பலகையை எடுத்து, அந்தக் குறுகல் அறைக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, சுவரில் உரசாமல் மேஜைமேல் போட்டார். இழைப்புளி ஓட ஆரம்பித்தது. சீவல் சுருள் சுருளாக உதிர்ந்தது. மேஸ்திரிக்கு விசில் அடிக்கவேண்டும் போலிருந்தது.

"மாப்பிள்ளை, நல்ல பலகையா நாலு வாங்கிப் போடுங்க. நான் படுக்க ஒரு கட்டில் செய்யணும். இனிமே நான் எங்கே போகப்போறேன்?"

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாத்தியார் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவருக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது.

"ஐயா, இருட்டிக்கிட்டு வருது. லைட்டைப் போடட்டுமா?"

பெரியவர் இழைப்பை நிறுத்தாமலே சிரித்தார்.

"யாரு, சுவர் கட்டின மேஸ்திரியா? உங்களுக்கு வேணும்னா போட்டுக்குங்க தம்பி. எனக்குக் கண்ணு போய்ப் பத்து வருஷமாச்சு."