பட்டப்பகலில் ஓடிய படம்

“வாட்ச்மேன், பகல்ல தியேட்டர் நடத்துறீங்கபோல. டிக்கெட் எவ்வளவு?”

தன் வீட்டு வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

“சார், நீங்களா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“சொல்லிட்டு வந்தா படத்தை நிறுத்திடுவீங்களே!”

பள்ளி ஒருங்கிணைப்பாளர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு அறை. ஜன்னலில் ஒரு பழைய போர்வை தொங்கியது. தரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் தலை தெரிந்ததும் ஒரு பெண் சட்டென்று எழுந்து கணினியை அணைத்தாள்.

“ஊரையே கூட்டி வெச்சிருக்கீங்க. பேஷ்!”

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய இணையவழிப் பள்ளிக்குப் பெரிய சர்வர் வாங்க வசதி கிடையாது. அதனால் கிரிட் முறை. ஊழியர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு கணினியைக் கொடுத்து, அத்தனையையும் நெட்டில் ஒன்றாகக் கோத்து வைத்திருந்தார்கள். பாட வீடியோக்களை ஒவ்வொரு பிள்ளையின் போனுக்கும் ஏற்ற மாதிரி மாற்றுகிற வேலையைத் துண்டு துண்டாக்கி, சும்மா இருக்கும் கணினிகளுக்கு அனுப்புவார்கள். சிறுதுளி பெருவெள்ளம். நடுவில் யாராவது அதில் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டால் கிரிட்டுக்குப் பட்டை நாமம்தான்.

வாட்ச்மேன் வீட்டுக் கணினியில் தினமும் காலையிலிருந்து மதியம் வரை வீடியோ. என்ன வீடியோ என்று ஆபீஸ் திரையில் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

“பரீட்சை வருது. பாடம் பாதியில நிக்குதுன்னு ஜனங்க போன்ல என்னைக் கிழிக்கறாங்க. எத்தனை பிள்ளைங்க படிக்க முடியாம தவிக்குதுங்க! உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

“தப்புதான் சார்.”

“ராத்திரி ஆபீஸ் கேட்ல தூங்கி வழியறீங்க. நானே எத்தனை தடவை எழுப்பியிருக்கேன்! பகல்ல தூங்காம இதுதான் வேலையா?”

வாட்ச்மேன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

“மெஷினை நான் எடுத்துட்டுப் போறேன். நீங்களும் இனிமே வேலைக்கு வர வேண்டாம்.”

“வேலை போனா போகட்டும் சார். மெஷினை மட்டும் இன்னும் கொஞ்ச நாள்...”

ஒருங்கிணைப்பாளருக்குச் சுர்ரென்று ஏறியது. வேலை போனாலும் பரவாயில்லையாம், படம் பார்க்க வேண்டுமாம்!

கணினியைக் காரில் ஏற்ற வாட்ச்மேனே கைகொடுத்தார். திரை உடைந்துவிடாமல் இருக்கத் தன் சட்டை ஒன்றை மடித்து அடியில் வைத்தார். பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒன்றுகூட அழவில்லை. அதைப் பார்க்க ஒருங்கிணைப்பாளருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வண்டியை வேகமாக எடுத்தார்.

மறுநாள் ஆபீஸில் வகுப்பை முடித்துவிட்டு வந்த கணக்கு டீச்சரை வழியிலேயே மடக்கினார்.

“டீச்சர், இன்னைக்குப் பாடம் எங்கயாவது நின்னுச்சா?”

“இல்ல சார். தண்ணி மாதிரி ஓடுச்சு.”

“ஒரு களையைப் பிடுங்கினேன், பயிர் நிமிர்ந்துடுச்சு!”

டீச்சர் சிரிக்கவில்லை. முகம் வாடியிருந்தது.

“ஓடி என்ன சார்? வகுப்புல ஒரு கேள்விகூட இல்ல. எப்பவும் ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டு என்னைத் துளைச்சு எடுத்துடும். இன்னைக்கு வரலை.”

“ஒரு நாள் லீவு போட்டிருக்கும். விடுங்க.”

“பேருக்குத்தான் சார் ஒரு பிள்ளை. அந்த ஒரு பாஸ்வேர்டுல எட்டுப் பேர் படிக்கறாங்க. தினம் ஒரு குரல் கேள்வி கேக்கும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு பாஸ்வேர்டுக்கு ஒரு பிள்ளைன்னு நான் ரூல் போட்டிருக்கேன்ல? சொல்லியிருந்தா அந்தப் பேரையே தூக்கியிருப்பேனே!”

“அதனாலதான் நான் சொல்லலை. அவரும் உங்ககிட்ட வாயைத் திறந்திருக்க மாட்டார்.”

“எவரு?”

டீச்சர் காலியாகக் கிடந்த கேட்டைப் பார்த்தார்.

“ஒரு நாள் பாடம் நடக்கறப்ப பின்னாடி ஒரு குரல் கேட்டுச்சு. ‘சத்தம் போடாதீங்க, டீச்சர் சொல்றதைக் கேளுங்க’ன்னு. தினமும் காலைல டியூட்டி முடிஞ்சு போறப்ப அந்த கேட்ல எனக்கு வணக்கம் சொல்ற குரல். கூப்பிட்டுக் கேட்டேன். அந்தத் தெருவுல போன்கூட இல்லாத பிள்ளைங்களாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார்.”

ஒருங்கிணைப்பாளர் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

“அதுக்காக... ராத்திரி டியூட்டியில தூங்கலாமா?”

“பகல்ல எங்க சார் தூங்குவார்? அவருக்குப் படுக்க இருந்தது அந்த ஒரு ரூம்தான்.”