பதினாலாம் நம்பர் வீடு

"பதினாலாம் நம்பர். நாலு ரூம். இதுக்குள்ள நாப்பத்தியோரு பேருக்குப் புற்றுநோய். இதை நான் நம்பணுமா?"

புள்ளி சார் வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார். மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டு ஆபீஸில் அவர்தான் அதிகாரி. யாருக்கு, எந்த ஊரில், என்ன புற்றுநோய் என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது எங்கள் வேலை. அதனால் அவருக்கு அந்தப் பெயர். நான் அங்கே டைப்பிஸ்ட். குறிப்பெடுக்க என்னையும் இழுத்து வந்திருந்தார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில், வெளியூர் நோயாளிகளுக்கு ரூம் விடுகிறவர். கையில் ஈரத் துணி. முகத்தில் துளி பயம் இல்லை.

"நம்பாதீங்க. இப்ப நாப்பத்திமூணு. நேத்து ரெண்டு பேர் வந்திருக்காங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு வீட்டால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? வரைபடத்தில் இந்தத் தெரு மட்டும் சிவப்பாக வந்ததும் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள். சுவரைச் சுரண்டி பெயின்ட்டைச் சோதித்தார்கள். மண்ணைத் தோண்டிச் சோதித்தார்கள். ஒரு மண்ணும் இல்லை.

கடைசியில் பார்த்தால், அத்தனை பேரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்துக்காரர்கள். உள்ளூர் ஆள் என்றால் பத்து நாளில் சிகிச்சைக்குத் தேதி. வெளிமாநிலம் என்றால் மூன்று மாதம். அதனால் 'இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்' என்று இந்த அம்மா ஆளாளுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்.

"பொய்க் கடிதம் கொடுத்தீங்களா இல்லையா?"

"கொடுத்தேன்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும். மூணு மாசம் உட்கார வெச்சா பிழைக்க மாட்டாங்கன்னும் தெரியும். நான் எதுக்கு முதல்ல பயப்படணும், நீங்களே சொல்லுங்க."

"நிரந்தர முகவரின்னு போட்டிருக்கும்மா. நிரந்தரம்னா என்ன அர்த்தம்?"

"அதுல பதினேழு பேர் நிரந்தரமாவே போய்ட்டாங்க சார். அவங்க முகவரியை நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

புள்ளி சார் குரலைக் கொஞ்சம் தணித்தார். "போலீஸுக்கு எழுதணும்னா இப்பவே எழுதலாம். இவங்கல்லாம் நிஜமா எந்த ஊருன்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். கொடுக்கவில்லை. மார்போடு வைத்துக்கொண்டார்.

"பேரு, தெரு, தொழில், எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சாங்க, எல்லாம் இதுல இருக்கு. முப்பத்தாறு பேர் ஒரே தெரு. சாயப்பட்டறைக்குப் பின்னாடித் தெரு. நான் பொறந்த தெருவும் அதான். முதல் பேரு என் தங்கச்சி. மூணு மாசத் தேதிக்குக் காத்திருந்தா. தேதி வர்றதுக்குள்ள போய்ட்டா. உங்க நாப்பத்தியொண்ணுல அவ இல்ல. எதுலயுமே இல்ல."

"நோட்டைக் கொடுங்கம்மா."

"ஆறு பேருக்கு இப்ப சிகிச்சை நடக்குது. அவங்க தேதியில கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க, தரேன்."

"தேதி கொடுக்கிறது ஆஸ்பத்திரி வேலை. அதுல நான் வாயே திறக்க மாட்டேன். எண்ணுறதுதான் என் வேலை."

"அப்ப எண்ணுங்க. அந்தப் பக்கத்து ஆபீஸ்ல போய்க் கேட்டேன். 'எங்க ஆஸ்பத்திரிக்கு வரல, எங்க கணக்குல வராது'ன்னாங்க. உங்க ஆபீஸுக்கு எழுதினேன். 'வெளிமாநிலத்தவர், எங்க கணக்குல வராது'ன்னீங்க. நாலு வருஷத்துல ஏழு மனு. ஏழுக்கும் ஒரே பதில். அந்தப் பக்கத்துக்கு நீங்களாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?"

"ஒரு மாநிலத் தகவலை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்ப எங்களுக்கு உத்தரவு இல்லம்மா."

"அந்த நோய் யார்கிட்ட உத்தரவு வாங்கிட்டு ஆத்தைத் தாண்டி வந்துச்சு?"

அந்த ஏழு பதிலையும் டைப் அடித்தது நான்தான். தேதியை மட்டும் மாற்றி மாற்றி அடித்தேன். கையெழுத்துப் போட்டது புள்ளி சார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரும் என் பக்கம் திரும்பவில்லை.

நோட்டு கைமாறியது. புள்ளி சார் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநில வரைபடத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வெள்ளைவெளேரென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல்.

"நாளைக்கு வந்ததும் முதல் வேலை, இதை அந்தப் பக்கம் அனுப்பக் கடிதம் அடி" என்றார் என்னிடம்.

"சார், உத்தரவு?"

"கடிதம் முதல்ல போகட்டும். உத்தரவு பின்னாடி வரட்டும். வராட்டி என்னைக் கேட்கட்டும்."

செருப்பை மாட்டும்போது அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். திரும்பி நின்றார்.

"ஒண்ணு மட்டும் புரியலம்மா. இந்தத் தெருவுல ரூம் விடுற எல்லாரும் இப்படிக் கடிதம் கொடுக்கிறாங்க, எனக்கே தெரியும். ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு வீட்டு நம்பர்னு மாத்திப் போட்டுடுவாங்க, எங்களால பிடிக்க முடியாது. நீங்க மட்டும் ஏன் எல்லாரையும் பதினாலுலயே போட்டு மாட்டிக்கிட்டீங்க?"

அந்த அம்மா ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"மாட்டிக்கத்தான் சார் போட்டேன். ஏழு மனுவுக்கு வராதவங்க, ஒரு சிவப்புப் புள்ளிக்கு வந்து நிக்கிறீங்கல்ல."