ஒரே ஒரு வெள்ளை மணி

“இதையும் கழட்டுங்க” என்றார் புது முதலாளி.

கிளப் தலைவரின் படம் சுவரை விட்டு இறங்கியது. அந்த நூறு வருஷத்து மீன்பிடி கிளப்பின் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஆயுசு கெட்டி. அவர்களில் பத்துப் பேரின் படங்கள் ஏற்கெனவே தரைக்கு வந்திருந்தன.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே ஹாலில்தான் புது முதலாளியை வெளியேற்றினார்கள். போட்டியில் ஜெயித்த அவருடைய மீனின் வயிற்றில் ஈயக்குண்டு இருந்ததாம். வைத்தது எந்தப் பாவியோ, ‘ஈயம்’ என்ற பட்டப்பெயர் மட்டும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

ஓட்டுப் பெட்டியில் கறுப்பு மணி அதிகம் விழுந்தால் ஆள் வெளியே, வெள்ளை அதிகம் விழுந்தால் உள்ளே. பதினொரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று பழைய முதலாளி எண்ணிச் சொன்னார். என்னை நம்ப ஒருத்தராவது இருக்கிறாரே என்றுதான் இவர் இத்தனை வருஷமும் தலைநிமிர்ந்து நடந்தார்.

மணிகளில் உறுப்பினர் எண் இருக்கும். ஆனால் ஓட்டு முடிந்ததும் அவற்றைப் போட்டுச் சீல் வைத்த உறையைப் பிரிக்கும் உரிமை கிளப்பின் முதலாளிக்கு மட்டும்தான். அதற்காகவே கிளப்பை வாங்கினார், இன்று காலை பிரித்தும் பார்த்துவிட்டார்.

“தம்பி, வயசான காலத்துல எங்கள இப்படித் துரத்தலாமா?” என்றார் தலைவர்.

“அன்னைக்கு எனக்காக எங்கப்பா உங்க கால்ல விழுந்தாரே, அப்ப என்ன சொன்னீங்க? சட்டம் சட்டம்தான்னு சொன்னீங்கல்ல? கிளம்புங்க!” சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சுவரில் மிச்சமிருந்தது ஏழாம் எண் உறுப்பினரின் படம். முப்பது வருஷமாக மீன்களுக்கு எடை பார்க்கும் பெரியவர். அவரைத் தேடிக்கொண்டு படித்துறைக்கு ஓடினார்.

உள்ளே நடந்த களேபரம் எதுவும் தெரியாமல் பெரியவர் வேலையில் இருந்தார். தராசில் ஒரு குஞ்சு மீன் துள்ளியது. கணக்குத் தட்டில் வெள்ளை மணியைப் போட்டுவிட்டு, மீனைத் தண்ணீரில் வீசினார். அடுத்தது நல்ல பெரிசு. கறுப்பைப் போட்டுக் கூடைக்குள் தள்ளினார்.

புது முதலாளி அவர் ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“ஐயா, உயிருள்ளவரைக்கும் இனி நீங்கதான் இங்க தலைவர். அன்னைக்கு எனக்கு வெள்ளை போட்ட ஒரே ஆள் நீங்கதான்யா!” கண் கலங்கிவிட்டது.

பெரியவர் திருதிருவென்று விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“அடடா! ஆளுக்குக் கறுப்புல்ல போடணும்? தூக்கி எறியத்தானேன்னு மீன் ஞாபகத்துல வெள்ளையைப் போட்டுட்டேனே!”