ரேடியேட்டர் மாற்றும் படலம்

வானவடி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார் எட்மண்ட். கழற்றிய ரேடியேட்டர் தரையில் கிடந்தது. பக்கத்தில், டேப் பிரிக்காத பெரிய அட்டைப்பெட்டி.

மைத்துனன் கிரேக் பைக்கில் நுழைந்தபோது, அவன் அக்கா ஈனிட் போட்ட சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டது.

"யூட்யூபைப் பார்த்து ரேடியேட்டர் மாத்துறாராம்! மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னா கேட்டாத்தானே?"

"என்ன அத்தான் இது? நாளைக்கு ஃப்ரெண்ட்ஸோட கடக்வாஸ்லா டேமுக்குப் போக வண்டி கேட்டிருந்தேனே!" என்றான் கிரேக்.

"லீக்காகுது மாப்ளே. புதுசு மாட்டணும்." எட்மண்ட் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"நானும் ஒரு கை பிடிக்கிறேன்." கிரேக் பெட்டியைப் பிரிக்கக் குனிந்தான்.

"தொடாதடா, வாரண்டி போயிடும்!" ஈனிட் பாய்ந்து வந்தாள். "இவர் கையில சிக்கின வண்டி ஒரு வாரத்துக்கு நகராது. நீ வேற ஏற்பாடு பண்ணிக்கோ."

"உன் பாடு பாவம்க்கா." அனுதாபப்பட்டுவிட்டுக் கிளம்பினான் அவன்.

பைக் கேட்டைத் தாண்டியதும், ஈனிட் தரையில் கிடந்த ரேடியேட்டரைத் தூக்கிக் கணவரிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் இதையே திருப்பி மாட்டுங்க. நல்லா இருக்கிறதைக் கழட்டிப் போட்டு வச்சாத்தான் நம்ம வண்டி நமக்கு மிஞ்சுது. போன தடவை அவன் தின்னுபோட்ட சோளக்கட்டை இன்னும் சீட்டுக்கடியில கிடக்கு!"

"இந்தப் பெட்டி?"

"அதைப் பார்த்துத் தூக்குங்க. கிறிஸ்துமஸ் ஸ்டார் நசுங்கிடப்போகுது!"