எந்தச் சுவரில் டிவி?

"ஹாலை விட்டுட்டு டிவி பாயின்ட்டைக் கடைசி ரூமுக்குக் கொண்டு போறதா? யாரும் இப்படிக் கேட்டதில்லையே மேடம்!"

எலக்ட்ரீஷியன் கையில் சாக்பீஸோடு திகைத்து நின்றார்.

"மெதுவாப் பேசுங்கண்ணா," என்றாள் மருமகள். வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். மாமனார் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று, வந்திறங்கிய கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாலுக்கு நெட் பாயின்ட் மட்டும் போதும். டிவி, ஸ்பீக்கர் எல்லாம் மாமா ரூமுக்கு."

"பெரியவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா சம்மதிக்க மாட்டார். நீங்க இன்னிக்கே சுவரை வெட்டிப் பைப்பைப் புதைச்சிடுங்க. நாளைக்குப் பூச்சு வேலை. பூசிட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

சொல்லிவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தாள். 'அப்பா மனசு நோகாம எது வேணா பண்ணிக்கோ' என்று கணவன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான். வயசானவரை டிவியோடு சேர்த்துக் கடைசி அறைக்குத் தள்ளினால் நோகாமல் என்ன செய்யும்?

ஆனால் அவள் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்!

இப்போது இருக்கும் வாடகை வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. பகலெல்லாம் டிவி வாய் பேசாமல் கிடக்கும். சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கொஞ்ச நேரம் ஆக வேண்டியதுதான், சொல்லி வைத்த மாதிரி செய்தி வாசிப்பவர் கத்த ஆரம்பித்துவிடுவார். புருஷன் பெண்டாட்டி ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி வாரம் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுவாள். "உங்க மாமனார் டிவி எங்க வீட்டுக்குள்ளயே ஓடுற மாதிரி இருக்கு!"

"வயசாயிடுச்சுக்கா, காது மந்தம்," என்று இவள் வழிவாள். தெருவில் அவருக்கு 'டமாரம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கோபம் வந்தால் இவளும் கணவனிடம் அப்படித்தான் சொல்வாள். கேட்கவா போகிறது?

"காது மந்தமா?" எலக்ட்ரீஷியன் புருவத்தை உயர்த்தினார். "காலையில என்கிட்ட நல்லாத்தானே பேசினார்?"

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுப்பார்."

"ஏம்மா, டிவி என் ரூமுக்கா போகுது?"

வாசலில் மாமனார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஏன், என் காதுல பஞ்சா வெச்சிருக்கு?"

போச்சு. மணல் குவியல்வரை கேட்கிற காதுக்கு, வீட்டுக்குள் சொன்ன 'டமாரம்' மட்டும் கேட்காமலா இருந்திருக்கும்? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் நேரே உள்ளே வந்தார். மகனும் மருமகளும் படுக்கப்போகிற அறைக்குள் நுழைந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். காம்பவுண்டுச் சுவர், அப்புறம் காலி மனை, அதைத் தாண்டித்தான் அடுத்த வீடு.

"தம்பி, நீங்க அந்த வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. நான் இங்கேருந்து கத்துறேன். என்ன கேக்குதுன்னு வந்து சொல்லுங்க."

டிவியை எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்று ஒத்திகை பார்க்கிறார் போலிருக்கிறது. இந்த மனுஷன் திருந்தவே மாட்டார் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

எலக்ட்ரீஷியன் போய் நின்று கையை ஆட்டினார். பெரியவர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கத்தினார்.

"லேட்டாகும்னா ஒரு போன் பண்ணித் தொலைச்சா என்ன? நான் மனுஷியா, இல்ல இந்த வீட்டு மிதியடியா?"

வெறும் அறை அதிர்ந்தது. மருமகளுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. அவள் வசனம்! ஒரு எழுத்து மாறவில்லை!

எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "ஏதோ சத்தம் வந்த மாதிரி இருந்துச்சுங்க. வார்த்தை ஒண்ணும் புரியலை."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒண்ணுமே புரியலைங்க."

"அப்பாடா!" பெரியவர் அங்கே கிடந்த சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். கட்டுகிற வீட்டைப் பார்த்து அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை. "இனிமே கவலையில்லைம்மா. வாடகை வீட்டுல நீங்க ரெண்டு பேரும் சண்டையை ஆரம்பிச்சா, பக்கத்து வீட்டுல பேச்சு நின்னுடும். காதைச் சுவத்துல வெச்சுடுவாங்க. டிவியைக் கத்த விடாம நான் வேற என்ன பண்றது? இங்க நீங்க தாராளமா சண்டை போடலாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. வாரா வாரம் பக்கத்து வீட்டுக்காரி டிவியைத்தான் குறை சொன்னாள். ஒரு நாளாவது சண்டையைப் பற்றி வாய் திறந்திருப்பாளா?

"மாமா, நான் உங்களை..."

"டமாரம்தானே? நல்ல பேரும்மா. அந்தப் பேர் இருந்ததாலதான் யாருக்கும் சந்தேகம் வரலை."

மனசிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, மாமா ரூமுக்குப் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைத் தன் கையாலேயே அழித்தாள்.

"அண்ணா, டிவி ஹால்லயே இருக்கட்டும். மாமா உட்கார்ற இடத்துக்கு நேரா. நல்ல ஸ்பீக்கருக்கு ரெண்டு பக்கமும் பாயின்ட் வெச்சிடுங்க."

"ஐயோ, ஸ்பீக்கரெல்லாம் வேண்டாம்மா!" பெரியவர் பதறி எழுந்தார். "எனக்கு டிவி சத்தம்னாலே தலைவலி."