ஆறாவது குத்து

தட்டிலிருந்த ஏழு அப்பத்திலும் ஆறு ஆறு குத்து.

கோயில் பாதிரியார் அபூனா சரபாமோன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஆறுதான்.

பலிபீடத்துக்குப் போகிற அப்பத்தில் ஐந்து குத்துதான் இருக்க வேண்டும். ஆண்டவரின் ஐந்து காயங்கள். நைல் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

"ஆறாவதா ஒரு காயம் போட்டிருக்கான்," என்று பெண்கள் பக்கத்திலிருந்து இன்ஸாஃப் அத்தையின் குரல் கிளம்பியது. "ரோமாபுரிச் சிப்பாய்க்கே தோணாததை நம்ம பாகூம் செஞ்சிட்டான்."

கோயிலே சிரிப்பில் குலுங்கியது. பூசைக்கான விரதத்தில் நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறுகள் வேறு. அத்தனையும் ஒரேயடியாக இரைந்ததில் வெளியே கட்டியிருந்த கழுதை இடி என்று நினைத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மூன்றாம் ஊரில்தான் நின்றதாம்.

இருபது வருஷமாக அந்தக் கோயிலுக்கு அப்பம் சுடுகிற பாகூம், அபூனாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை விட்டுடுங்க அபூனா. கடவுளே போகச் சொல்லிட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"காலையில அப்பத்தைக் குத்தும்போது. காதுக்குள்ள."

"என்ன சொன்னாரு?"

"'ஏ கோவேறு கழுதை, உன் அழுக்குக் கையால எனக்கு அப்பமா? உங்க அப்பனும் உருப்படல, நீயும் உருப்படல'ன்னு. அதைக் கேட்டுக்கிட்டே குத்தினேனா, கணக்கு தப்பிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்ப முதல்ல இருந்து. கோவேறு கழுதை."

சிரிப்பை அடக்கியதில் அபூனாவின் தாடி மட்டும் தனியாகக் குலுங்கியது.

"இவ்வளவு திட்டினவரு, அடுத்து என்ன செய்யணும்னு ஏதாச்சும் சொன்னாரா?"

பாகூம் யோசித்தான். "அது சொல்லல."

"அப்ப அது அவரு இல்ல. அவரு கண்டிச்சா, கையோட ஒரு வேலையும் சொல்லுவாரு. போ, பிசைஞ்ச மாவு மிச்சம் இருக்கில்ல? சுட்டுட்டு வா. இதுவும் தப்பினா உன் இஷ்டப்படி போயிடு."

பாகூம் பின்கட்டு அடுப்பறைக்கு ஓடினான். ஆண்கள் மட்டும் நுழைகிற அறை அது. மாவைத் தட்டி, முத்திரை பதித்து, குச்சியை எடுத்தான்.

'மறுபடியுமா கழுதை?' என்று காதுக்குள் ஆரம்பித்தது காலையில் கேட்ட குரல்.

"ஒண்ணு," என்றது வேறொரு குரல். தலைக்குப் பின்னால் எங்கிருந்தோ, மெதுவாக.

குத்தினான்.

"ரெண்டு. அவசரப்படாத."

'உங்க அப்பன்...' என்று இழுத்தது பழைய குரல்.

"மூணு," என்றது புதுக்குரல். அப்பன் பேச்சு அப்படியே நின்றுபோனது.

"நாலு. அஞ்சு. போதும், குச்சியை எடு."

இப்படியே ஏழு அப்பத்துக்கும். சுடச்சுடத் தட்டைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து, பாகூம் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"கேட்டுடுச்சு அபூனா. கூடவே இருந்து எண்ணினாரு."

அபூனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "குரல் எப்படிப்பா இருந்துச்சு?"

"இதமா இருந்துச்சு. கொஞ்சம் சளி பிடிச்சிருந்தது."

அபூனாவின் புருவம் ஏறியது.

அதே நேரம் பக்கவாட்டுக் கதவு வழியாக இன்ஸாஃப் அத்தை பூனை மாதிரி உள்ளே நுழைந்தாள். முக்காட்டில் அடுப்பறை ஜன்னலின் கரி. நுழைந்ததும் ஒரு தும்மல்.

பாகூமின் வாய் பிளந்தது. "அத்தை, நீங்களா?"

"அந்த அறைக்குள்ள பொம்பளை கால்தான் படக் கூடாது. வாய்க்கு யாரும் தடை போடல."

"முதல்ல ஊர் சிரிக்கக் கேலி பண்ணினதும் நீங்கதானே?"

அத்தை முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான்டா என் காதுலயும் ஒருத்தர் கண்டிச்சாரு. 'வாய் கிழியப் பேசினியே, போய் எண்ணிக் குடு'ன்னு."