படைவீட்டு வாசலில் ஒருத்தி

எல்லைக் கோட்டைகளுக்கு மரணமில்லை, அவற்றின் சுவர்களில் வரலாறு இன்னும் மூச்சுவிடுகிறது என்று முழங்குகிறார் பல் டாக்டர் ஆர்வில். தேவாலயத்து அடித்தளத்தின் இருட்டில் உட்கார்ந்திருக்கும் எங்கள் கான்சாஸ் ஊர்க்காரர்களுக்குக் கேட்பதென்னவோ புரொஜக்டர் விசிறியின் மூச்சுதான். திரையில் அவர் எடுத்த ஸ்லைடு விழுகிறது. கோட்டைச் சிப்பாய்கள் தங்கியிருந்த, இடிந்த படைவீட்டின் வாசலில் ஒரு பெண். அவள் உடம்பின் ஊடே சுவரின் கற்கள் தெரிகின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் கலங்கி நிற்கிறது. "அடுத்ததைப் போடுங்க டாக்டர்," என்கிறார் பாதிரியார், குரல் இறங்கி. அடுத்த கோட்டை நூறு மைல் தள்ளி. அங்கேயும் அவள், இன்னும் அருகில். "நூறு வருசத்துக்கு முன்னாடி லெப்டினன்ட் பொண்டாட்டி ஒருத்தி பனியில விறைச்சுச் செத்தாளாம்," என்று அவசரமாகச் சொல்கிறார் ஆர்வில். "அவ ஆவியா இருக்கும்." அவர் மனைவி வெல்மா எழுந்து திரையருகே போகிறாள்; கோட்டை அவள் முதுகில் படிகிறது. "ஷட்டர் திறந்திருக்கிறப்ப ஆள் அசைஞ்சா இப்படி விழும்னு நீதானே சொல்லியிருக்கே, ஆர்வில்?" என்கிறாள். "செத்தவ கையில வாட்ச் கட்டியிருக்கா, பாரு." அந்தப் பெண்ணின் கலங்கிய முகம் திரையிலேயே நிற்கிறது. கோட்டைகளுக்கெல்லாம் தனியாகத்தான் போய்வந்ததாக ஆர்வில் வீட்டில் சொல்லியிருந்தார்.